பதினொண்ணு இருபத்தெட்டு

அந்த வயர்கூடையக் கீழ வச்சிருங்க தம்பி, மடியில வச்சிக்கிட்டு எதுக்குக் கஷ்டப்படுதிய. மேல வைக்காதிய, தேவர்குளம் வளைவுல உருண்டு எவன் மண்டையிலயாவது விழும். பிளாஸ்க்கு, பால்பவுடரு, பழைய வேட்டியக் கிழிச்சு மடிச்சு வச்சிருக்கிய. பிரசவத்துக்குத்தான? பாத்தியளா, கேக்காமலே சொல்லிட்டேன். நானும் இதே மாதிரி ஒரு கூடையத் தூக்கிக்கிட்டு அலைஞ்சவன்தான். வீட்டுக்காரியத் திருநெல்வேலியில சேத்திருக்கியளாக்கும். முதப் பிள்ளையா? நல்லது. நல்லபடியாப் பொறக்கட்டும்.

நான் கோமதிநாயகம். சங்கரன்கோவில்ல பத்திரம் எழுதுதேன். இருபது வருசமா எழுதுதேன். ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எதிர்ல வரிசையா நாலு கடை இருக்கும், அதுல ரெண்டாவது. இப்பம் எல்லாம் கம்ப்யூட்டர்ல அடிக்காவ, ஆனாலும் உயிலு கையால எழுதணும்னா என்னத் தேடித்தான் வருவாவ. என் கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும். பெருமைக்குச் சொல்லல, எல்லாரும் சொல்லுததுதான்.

அந்தா முன்னால, டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு, பச்சைச் சேலை. அதுதான் என் வீட்டுக்காரி செண்பகவல்லி, செம்பான்னு கூப்பிடுவேன். அவ தோள்ல கிடக்கது என் மக மஞ்சரி. பதினோரு மாசம். ஆமா, பதினோரு மாசம்தான். தலைய ஒரு கையால தாங்கிப் பிடிச்சிருக்கா பாருங்க. கைய எடுத்தா தலை பொதுக்குன்னு சாஞ்சிரும். எங்க தெருவுல இவளுக்கு ரெண்டு வாரம் பின்னால பொறந்த பிள்ள கட்டிலப் பிடிச்சிக்கிட்டு நிக்கி. நான் அந்த வழியாப் போறதையே விட்டுட்டேன்.

அவ பக்கத்துல இடம் இருக்குதான். பிள்ளைக்குக் கால நீட்ட வேணும்ங்கா. காலு வேற விறைச்சு விறைச்சு ஒண்ணுமேல ஒண்ணு கத்திரிக்கோல் மாதிரி போயிருமா, மடியில அடங்காது. அதான் நான் பின்னால வந்துட்டேன். வேற ஒண்ணும் இல்ல.

வெள்ளிக்கிழமை தோறும் பெரியாஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போறோம். போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம். அங்ஙன ஒரு பொண்ணு இருக்கு, அமலின்னு பேரு. பெரிய பந்து ஒண்ணுல பிள்ளையக் குப்புறப் போட்டு முன்னயும் பின்னயும் உருட்டுவா. மூடிக்கிட்டே இருக்க கைய விரிச்சு, உள்ள மடங்கிக் கிடக்க பெருவிரல வெளிய எடுத்து விடுவா. அந்த ஒத்த விரல வெளிய எடுக்கதுக்கு எங்களுக்கு ஆறு மாசம் ஆச்சு தம்பி. நம்ப மாட்டிய. மத்த வீட்டுல பிள்ள விரலச் சூப்புதுன்னு வேப்பெண்ணெய் தடவுதாவ. எங்க வீட்டுல என்னைக்கு அந்த விரலு வாய்க்குப் போகும்னு பாத்துக்கிட்டு இருக்கோம்.

எப்படி ஆச்சுன்னா கேக்கிய? சொல்லுதேன். சொல்லாம எங்க போறேன், திருநெல்வேலி போற வரைக்கும் வேற என்ன சோலி.

ஒரு நர்சிங் ஹோம். பேரு வேண்டாம், பேரச் சொன்னா அவங்க மானநஷ்ட வழக்குப் போடுவாங்க, நமக்கும் சட்டம் தெரியும். கல்யாணமாகி ஏழு வருசம் கழிச்சுத் தங்குன பிள்ள. மாசாமாசம் அங்கதான் காட்டுனோம். எல்லாம் நல்லாருக்கு, தண்ணி நல்லாருக்கு, துடிப்பு நல்லாருக்குன்னு சொல்லிச் சொல்லி, கடைசியில அவங்க கையாலதான் என் பிள்ளையக் கெடுத்தாங்க. கவனக்குறைவு தம்பி. சுத்தக் கவனக்குறைவு.

காலையில அஞ்சு மணிக்கு வலி வந்துட்டு. ஆறு மணிக்கு உள்ள சேத்துட்டோம். எட்டு வரைக்கும் நல்லாத்தான் இருக்குன்னாவ. பத்து மணி போல டாக்டரம்மா வெளிய வந்து, பனிக்குடம் உடைஞ்சிட்டு, தண்ணி பச்சையா வருது, பிள்ள உள்ளயே வெளிக்கிருந்திருச்சு, நெஞ்சுத் துடிப்பு இறங்கி இறங்கி ஏறுது, ஆபரேசன் செஞ்சு எடுத்திரணும், கையெழுத்துப் போடுங்கன்னு சொல்லுதா. திடுதிப்புன்னு வந்து சொன்னா ஒரு மனுசன் யோசிக்க வேண்டாமா? ஒரு கால் மணி நேரம் குடுங்கம்மான்னு கேட்டேன். கேட்டது தப்பா?

எதுக்குன்னா, அன்னைக்குக் காலையில ஆயில்யம். உங்களுக்குத் தெரியாதா? ஆயில்யத்துல பொம்பளப் பிள்ள பொறந்தா மாமியாருக்கு ஆகாதும்பாவ. நான் நம்புதேனா இல்லையாங்கது வேற விசயம். நாளைக்கு இருபத்தி நாலு வயசுல ஜாதகத்தக் கைல எடுத்துக்கிட்டு நாம ஒரு வீட்டுப் படியேறும்போது, அந்தப் பையனோட அம்மா ஆயில்யமான்னு கேட்டுட்டு ஜாதகத்தத் திருப்பிக் குடுத்திருவா. என் கூடப் பொறந்த தங்கச்சிக்கு அதான் நடந்தது. ஒம்பது இடம். ஒம்பது இடத்துலயும் காபிய மட்டும் குடிச்சிட்டுப் போயிட்டாவ. கடைசியில ரெண்டாந்தாரமாப் போனா. அத நான் கண்ணால பாத்தவன். என் மகளுக்கு அது வேண்டாம்னு நினைச்சேன். பொறக்கப் போறது ஆணா பொண்ணான்னு தெரியாதுதான். பொண்ணா இருந்துட்டா?

நம்ம ஜோசியருக்குப் போனப் போட்டேன். அவரு பஞ்சாங்கத்தப் பாத்துட்டு, பதினொண்ணு இருபத்தாறோட ஆயில்யம் முடியுது, அதுக்குப் பொறவு மகம், மகத்துக்கு ஒரு குறையும் இல்லன்னாரு. கொஞ்ச நேரம்தான. நம்ம தொழிலுல இது ஒரு விசயமே இல்ல தம்பி. ரிஜிஸ்டர் ஆபீசுல வந்து பாருங்க, ராகு காலம்னா ஒருத்தன் உள்ள போகமாட்டான். கோடி ரூவா சொத்தா இருந்தாலும் வாங்குதவனும் விக்கிதவனும் வேப்பமரத்தடியில நின்னு டீ குடிச்சிக்கிட்டு இருப்பான். நேரம் வந்ததும் போயி ரேகை வைப்பான். இருபது வருசமா நான் பாத்துக் குடுத்த நேரத்துலதான் ஊர்ல பாதிப் பத்திரம் பதிவாயிருக்கு. அரை மணி நேரம் காத்துக் கிடந்தா பத்திரம் கெட்டா போயிருது?

நர்சு ஒருத்தி ரெண்டு மட்டம் வந்தா. பேப்பர அட்டையில சொருகிக்கிட்டு வந்து நிக்கா. எங்க அப்பா வந்துக்கிட்டு இருக்காவ, பெரியவுக வந்து போடட்டும்னு சொன்னேன். எங்க அப்பா காலமாயி நாலு வருசம் ஆச்சு, அது அவளுக்குத் தெரியாதுல்லா. மூணாவது மட்டம் டாக்டரம்மாவே வந்துட்டா. "இன்னும் தாமதிச்சா நான் பொறுப்பில்ல, வேற இடத்துக்குக் கொண்டு போறதுன்னாலும் இப்பவே சொல்லுங்க"ன்னு சத்தம் போட்டா. ஆஸ்பத்திரியில அத்தன பேரு முன்னால. மரியாதைன்னு ஒண்ணு வேண்டாமா?

செம்பாவும் உள்ள இருந்து கூப்பிட்டா. பச்சைத் திரை ஒண்ணு தொங்கும், அதுக்கு அங்கிட்டுத்தான் கிடந்தா. "ஏங்க, போட்டுருங்க"ன்னா. ரெண்டு மூணு தடவை சொன்னா. வலியில கிடக்க பொம்பளைக்கு நல்லது கெட்டது என்ன தெரியும்? நான் பதில் சொல்லல. சொன்னா அவ மேலும் பயந்துருவாளேன்னுதான் சொல்லல.

நான் என்ன கேக்கேன்னா, அவ்வளவு அவசரம்னா கையெழுத்து இல்லாமலே செஞ்சிருக்க வேண்டியதுதான? உசிரக் காப்பாத்துதவுகன்னுதான சொல்லுதாவ? ஒரு தாளுக்காகக் காத்துக்கிட்டு நின்னது யாரு? நானா, அவங்களா? இதத்தான் வக்கீலுகிட்டயும் கேட்டேன்.

சரி, பொறவு போட்டுட்டேன். போட்டதும் பத்து நிமிசத்துல உள்ள கொண்டு போயிட்டாவ. நான் வெளிய வந்து எங்க அண்ணனுக்குப் போனப் போட்டு, "மகம் பிடிச்சாச்சு அண்ணே"ன்னு சொன்னேன். ரொம்ப சந்தோசமாச் சொன்னேன். பிள்ள இன்னும் பொறக்கவே இல்ல அப்பம். சொல்லிட்டு வந்து கதவுக்கிட்ட நிக்கேன், நிக்கேன், அழுகச் சத்தம் கேக்கல. உள்ள எல்லாரும் குசுகுசுன்னு பேசுதாவ. எவளோ ஒருத்தி எண்ணுதா, ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணுதா, மறுபடியும் ஒண்ணு ரெண்டு மூணுங்கா. பொறவு ஒரு துணிப் பொட்டலத்தத் தூக்கிக்கிட்டு ஆம்புலன்சுக்கு ஓடுதாவ. அதுல என் பிள்ள நீலமாக் கிடந்தா.

திருநெல்வேலியில மூணு நாளு குளிர்ல போட்டு வச்சாவ தம்பி. உடம்புல ஒட்டுத் துணி கிடையாது. மூளைக்கு மேற்கொண்டு கேடு வராம இருக்கணும்னா உடம்பக் குளிர வைக்கணுமாம். அந்தக் கைய தொட்டுப் பாத்தா சவத்தத் தொட்ட மாதிரி இருந்தது. ரெண்டாம் நாளு வலிப்பு வெட்டு வந்துட்டு. அங்க இருந்த பெரிய டாக்டர் ஒரு தாள எடுத்துப் படம் வரைஞ்சு சொன்னாரு. வயித்துக்குள்ள இருக்கும்போது மூளைக்குப் போற ரத்தமும் பிராணவாயுவும் குறைஞ்சு போச்சு, கை இப்படி அசை, காலு இப்படி அசைன்னு சொல்லுத இடம் இருக்கே, அது பட்டுப்போச்சு, தலை நிக்கது, உருளுதது, உக்காருதது எல்லாம் பிந்தும், எவ்வளவு பிந்தும்னு இப்பம் சொல்ல முடியாதுன்னாரு. எவ்வளவு நேரம் குறைஞ்சதுன்னு கேட்டாரு. எனக்கு எப்படித் தெரியும், அந்த நர்சிங் ஹோம்ல கேளுங்கன்னேன்.

எங்க தொழில்ல தாய்ப் பத்திரம்னு ஒண்ணு உண்டு. அதுல நாலுமால், அதான் நெலத்தோட நாலு பக்க எல்லை, தப்பா விழுந்துட்டுன்னா, பின்னால எழுதுத எல்லாப் பத்திரத்துலயும் அந்தத் தப்பு வந்துக்கிட்டே இருக்கும். என் பிள்ளைக்கும் அப்படித்தான் ஆயிப்போச்சு. அமலிகிட்ட ஒரு நாளு கேட்டேன், ஏம்மா, பத்திரத்துல தப்புன்னா பிழைதிருத்தல் பத்திரம் எழுதலாம், இதுக்கு அப்படி ஒண்ணும் கிடையாதான்னு. "இருக்கு சார். குழந்தையோட மூளை இன்னும் கத்துக்கிட்டுத்தான் இருக்கு. ஆனா தினமும் நாலு தடவை எழுதணும். உங்க வீட்டுக்காரங்க எழுதுறாங்க. நீங்களும் வந்து உக்காரலாமே"ன்னா. எனக்கு எங்க நேரம் இருக்கு? கடையைப் பாக்கணும், கேசப் பாக்கணும்.

ஆமா, கேசு. விடுவேனா நானு? நுகர்வோர் கோர்ட்டுல போடணும்னு, தகவல் கேட்டு, மனு மேல மனுவா எழுதி, அலைய வச்சு, கடைசியில நர்சிங் ஹோம்ல இருந்து கேஸ் சீட்டு நகல வாங்கிட்டேன். இருபத்தி மூணு பக்கம். திருநெல்வேலியில பெரிய வக்கீல். நல்லா ஆர்வமாத்தான் வாங்கினாரு. புரட்டிக்கிட்டே வந்தவரு ஒரு பக்கத்துல நின்னுட்டாரு. "இது உங்க கையெழுத்தா?"ன்னாரு. ஆமான்னேன். "பக்கத்துல இருக்க நேரமும் நீங்க எழுதுனதா?"ன்னாரு.

தம்பி, எங்க தொழில் பழக்கம் அது. கையெழுத்துன்னு போட்டா கீழ தேதி, அதுக்குக் கீழ நேரம். கை தானா எழுதிரும். காலை 11.28. அச்சடிச்ச மாதிரி இருக்கு, அழியவே செய்யாது. இருபத்தாறுக்கே முடிஞ்சிட்டு, கடிகாரம் முன்னப் பின்ன ஓடும்லா, அதுக்காக ரெண்டு நிமிசம் கூடுதலா விட்டேன். மேல அந்த நர்சு கோழிக் கிறுக்கலா எழுதி வச்சிருக்கா. 10.20, ஆபரேசன் வேணும்னு உறவினரிடம் சொல்லப்பட்டது. 10.40, சம்மதம் இல்லை, அப்பா வருவதாகச் சொல்கிறார். 11.05, சம்மதம் இல்லை. அவ சௌகரியத்துக்கு எழுதிக்கிடலாமே, யாரு கேக்கப் போறா?

வக்கீல் அந்தக் காகிதக் கட்ட மூடிட்டாரு. "இத எந்தக் கோர்ட்டுலயும் காட்டாதீங்க, கொண்டு போயிருங்க"ன்னாரு. ஆஸ்பத்திரிக்காரன் அவரையும் வாங்கிட்டான். வேற என்ன? நான் விடப் போறதில்ல, மதுரையில ஒரு வக்கீல் இருக்காராம்.

அன்னைக்கு அந்தக் கட்ட வீட்டு மேசையில வச்சிட்டு குளிக்கப் போயிட்டேன். வந்து பாத்தா செம்பா அந்தப் பக்கத்தத் திறந்து வச்சிக்கிட்டு உக்காந்திருக்கா. அவளுக்கு அதுவரைக்கும் நேரம் தெரியாது. வலியில கிடந்தவளுக்கு எது அஞ்சு நிமிசம், எது ஒரு மணி நேரம்னு எப்படித் தெரியும்? டாக்டர் வரத்தான் நேரம் ஆச்சுன்னு நான் சொல்லியிருந்தேன். சண்டை போடுவான்னு நினைச்சேன். கட்ட மூடி வச்சிட்டு பிள்ளையத் தூக்கிக்கிட்டு உள்ள போயிட்டா. அப்பமிருந்து வீட்டுல பேச்சு குறைஞ்சிபோச்சு. பயிற்சிக்குப் போற இடத்துல வருகைப் பதிவேட்டுல நான் கையெழுத்துப் போடுவேன்லா, அப்பம் மட்டும் பக்கத்துல வந்து மெதுவாக் கேப்பா. "நேரம் போட்டியளா?" அவ்வளவுதான் கேப்பா. வாராவாரம் கேப்பா. அங்ஙன உள்ள பொண்ணுகளுக்கு அது சாதாரணக் கேள்வியாத்தான் தெரியும்.

பேசலன்னா போகட்டும். மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா நான் செஞ்சது எல்லாம் அந்தப் பிள்ளைக்காகத்தான? ஜாதகத்த நானே என் கையால எழுதுனேன், நாலு மூலையிலயும் மஞ்சள் வச்சு. மகம், முதல் பாதம், சிம்ம ராசி. மகத்துக்கு 'ம'வுலதான் பேரு வைக்கணும்னுதான் மஞ்சரின்னு வச்சது. ஜோசியர் பாத்துட்டு அப்படியே பிரமிச்சிட்டாரு. இந்தப் பிள்ள காலு பட்ட இடம் விளங்கும் கோமதின்னாரு. எந்த மாமியாரும் ஒரு சொல்லு சொல்ல முடியாத ஜாதகம் தம்பி. அத பீரோவுல வச்சிருக்கேன்.

என் சத்தத்த அவளுக்குத் தெரியும். அது ஒண்ணு இருக்கு. நான் கடையில இருந்து வந்து செருப்பக் கழத்தும்போதே உள்ள கிடந்து ஒரு மாதிரி சிரிப்பா. சிரிச்சதும் சந்தோசத்துல உடம்பு பூராவும் விறைச்சுப் பின்னால வளைஞ்சிரும், அவளால அடக்க முடியாது, அப்படியே கிடந்து அழுவா. அதுனால இப்பம் நான் பைய வந்து, சத்தங்காட்டாம செருப்பக் கழத்திட்டு, அடுத்த ரூமுக்குப் போயிருதேன்.

மானூர் வந்துட்டு. இனிமே அரை மணி நேரம்தான்.

உங்க போனுதான் அடிக்கி. எடுங்க, எடுங்க. வீட்டுல இருந்தா இருக்கும்.

...

என்னவாம் தம்பி? மூஞ்சி ஏன் இப்படிப் போச்சு? மாமியாரா? ஆபரேசனா? கையெழுத்துக் கேக்காவளா? நீங்க என்ன பதில் சொன்னிய இப்பம்? இல்ல, காதுல விழுந்தது. பன்னெண்டு மணிக்கு ராகு காலம் முடியட்டும், நான் வந்து போடுதேன்னா சொன்னிய?

வெள்ளிக்கிழமை. ஆமா. பத்தரைல இருந்து பன்னெண்டு. சரியாத்தான் சொல்லியிருக்கிய.

மணி இப்பம் பத்து அம்பத்தஞ்சு.

துடிப்பு குறையுதுன்னு சொன்னாவளா? சொன்னாவளா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க. சொன்னாவ. சரி. தண்ணி என்ன நிறத்துல... வேண்டாம், அத விடுங்க. திருப்பிப் போனப் போடுங்க. நான் ஒரு கிறுக்கன், வழி நெடுகப் பேசிக்கிட்டே வந்தேன், அதையெல்லாம் விடுங்க. இப்பம் போடுங்க. குடுங்க, நான் போடுதேன். மேல இருக்க நம்பருதான?

செம்பா திரும்பிப் பாக்கா. அவளுக்குக் கேட்டுட்டு. எத்தனையோ மாசம் கழிச்சு இப்பம்தான் என் மூஞ்சிய நேராப் பாக்கா தம்பி. பாக்கட்டும்.

மணி அடிக்கி. எடுத்ததும் சொல்லுங்க, நீங்க வர வேண்டாம், உங்க மாமியாரே போட்டுரட்டும். உங்க வீட்டுக்காரி போட்டாலும் சரிதான், யாரு வேணும்னாலும் போடட்டும். ஜோசியரக் கேக்கணும், மாமாவக் கேக்கணும்னு அவுக இழுப்பாவ, இழுக்க விடாதிய. என்ன நட்சத்திரமா இருந்தாலும் இருந்துட்டுப் போகட்டும். பொறக்கது பொண்ணா இருந்து, எவன் வீட்டுலயும் கட்டிக்கிடலன்னாலும் போகட்டும். நடந்து போயி அவளே வேற வீட்ட பாத்துக்கிடுவா.

எடுத்துட்டாவளா? சொல்லுங்க. ம். ம். போடுதாவளா? போடச் சொல்லுங்க. பேனா இருக்கான்னு கேளுங்க.

ஒண்ணே ஒண்ணு, வைக்காதிய. நேரம் மட்டும் எழுத வேண்டாம்னு சொல்லுங்க.